இரத்தத்தையும் இரைச்சலையும் நாங்கள் கேட்கவில்லை: தமிழ்த் திரைத்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், திரையரங்கு உரிமையாளர்கள் ஆகியோரின் கவனத்திற்கு,

ஆக்‌ஷன் படம் என்றால் இரத்தம் கொப்பளிக்க வேண்டும், பேய்ப் படம் என்றால் காது கிழிய வேண்டும் என்று ஆகிவிட்டதே, ஏன் என்று யாராவது கேட்டால், ‘ரசிகர்கள் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்’ என்று பேட்டிக்குப் பேட்டி சொல்கிறீர்கள். அந்த ரசிகர்களில் நானும் ஒருத்தி. இதை நான் எதிர்பார்க்கவில்லை. என்னுடன் படத்துக்கு வருகிறவர்களும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி ஒரு தீர்ப்பை நீங்களே எழுதிக்கொண்டிருப்பதால், எங்கள் தரப்பையும் எழுத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

நான் விமர்சகர் இல்லை. எந்த நடிகரின் மன்றத்திலும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். மாதச் சம்பளம் வந்த வாரத்தில், ஞாயிறு மாலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு போகிற சாதாரணப் பார்வையாளர். சண்டைப் படமும் பேய்ப் படமும் எனக்குப் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்முறையே ஆகாது என்று முகம் சுளிக்கும் ஒருத்தி எழுதிய மடலாக இதை நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. எனக்குப் பிடித்த இரண்டு வகைப் படங்களும் என் கண் முன்னால் கெட்டுப்போகின்றன என்பதுதான் என் குறை.

சென்ற விடுமுறைக் காலத்தில் எங்கள் ஊருக்கு வந்த ஒரு பேய்ப் படத்திலிருந்து தொடங்குகிறேன். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு. சின்னவளுக்கு ஆறு வயது இருக்கலாம். படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே அந்தப் பிள்ளை அம்மாவின் முந்தானையை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டு, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டது. ஒவ்வொரு அலறலுக்குப் பிறகும் முந்தானைக்குள்ளிருந்து, “முடிஞ்சிருச்சாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. “இந்தா முடிஞ்சிரும்” என்று அந்த அம்மாவும் சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுந்து போகலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மூன்று டிக்கெட்டும், வண்டிக் கூலியும், பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய பாப்கார்னுமாகச் சேர்த்தால், அது அந்த வீட்டின் ஒரு வாரக் காய்கறிச் செலவு.

இடைவேளையில் டிக்கெட் கவுன்ட்டருக்குப் போய், இந்தப் படத்துக்கு எந்த வயதுச் சான்றிதழ் என்று கேட்டேன். உள்ளே இருந்த இளைஞர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, ‘யுஏ 16+’ என்றார். டிக்கெட் கொடுக்கும்போது அதைச் சொல்ல மாட்டீர்களா என்றதற்கு, “அது பேரன்ட்ஸ் பாத்துக்கணும்க்கா” என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. என் சங்கடமும் அதுதான். 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்தில் 2023இல் கொண்டுவந்த திருத்தம், பெற்றோரின் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற பழைய ‘யு/ஏ’ வகையை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்தது. பிரித்தது நல்லதுதான். ஆனால், அந்த வயது வரம்பு பெற்றோரின் கவனத்துக்கு மட்டுமே; திரையரங்கைக் கட்டுப்படுத்தாது. பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், பெற்றோரின் கண்ணில் படும்படி அதை எழுத வேண்டியவர்கள் யார்? விளம்பரங்களில் சான்றிதழின் வகையைக் குறிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நீங்களும் குறிக்கிறீர்கள்: எட்டடிச் சுவரொட்டியில் கதாநாயகனின் பெயர் இரண்டடி, வெளியீட்டு உரிமை பெற்றவர், இசை உரிமை பெற்றவர், வாழ்த்துச் சொல்லும் வட்டாரப் பிரமுகர் எல்லோருக்கும் இடமிருக்கிறது. சான்றிதழ் மட்டும் மூலையில், கிட்டப் போய்த் தேடினாலும் கிடைக்காத அளவில். அந்த அம்மா எதைப் பார்த்து முடிவெடுத்திருப்பாள்?

‘ஏ’ சான்றிதழ் விஷயத்தில் உங்கள் மனநிலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான ‘கூலி’ படத்துக்குத் தணிக்கை வாரியம் ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது. அதை மாற்றி ‘யு/ஏ’ தர உத்தரவிடக் கோரித் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, மனு தள்ளுபடியானது. நீதிமன்றம் போவது யாருக்கும் உள்ள உரிமை. அதை நான் குறை சொல்லவில்லை. பெரியவர்களுக்கு என்று எடுத்த படத்தைப் பெரியவர்களுக்கு என்று சொல்லி விற்க உங்களுக்கு ஏன் இத்தனை தயக்கம் என்பதுதான் என் கேள்வி. வெட்டும் குத்தும் வேண்டும். அதே நேரத்தில், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துவரும் குடும்பத்தின் டிக்கெட் பணமும் வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் எடுக்கப் பார்ப்பதால், ‘ஏ’ வாங்கியிருக்க வேண்டிய காட்சிகள் அங்கே நான்கு நொடி, இங்கே ஒரு துண்டு என்று வெட்டப்பட்டு, ‘யுஏ’ என்ற பெயரில் எங்கள் பிள்ளைகளிடம் வந்து சேர்கின்றன. அந்த நான்கு நொடி போனதால் காட்சியின் கொடூரம் குறைவதில்லை.

இதற்குப் பின்னால் பணக் கணக்கு இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியாததன்று. 2011இல் தமிழக அரசு, கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் தமிழ்த் தலைப்பு மட்டும் போதாது, எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ‘யு’ கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அப்போது கத்தியை உறைக்குள் வைத்தீர்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, அந்தச் சலுகைக்குப் பழைய மதிப்பு இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு வந்த படங்களையும் அதற்கு முன் வந்த படங்களையும் மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தால், இரத்தத்தின் அளவு எங்கே கூடத் தொடங்கியது என்பது எனக்குப் புலப்படுகிறது. இது என் கணிப்புதான். ஆனால் மாறியது ரசிகரின் நாக்கா, உங்கள் வரவு செலவா என்பதை நீங்களே உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்துச் சொல்லலாம்.

சண்டைக்கு வருகிறேன். 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யை நான் மூன்று தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, கதை முழுக்க ஒரே இரவு. சிறையிலிருந்து வெளியே வந்து, இதுவரை முகம் பார்க்காத மகளைப் பார்க்கப் போகிற ஒருவனை மறித்து, மயங்கிக் கிடக்கும் காவலர்களை ஏற்றிய லாரியை ஓட்டச் சொல்கிறார்கள். சண்டை தொடங்கும் முன்பே அவன் பசியோடு பிரியாணி சாப்பிடுவதைப் பார்த்துவிடுகிறோம். அவன் கை எப்படி அளைந்தது, எவ்வளவு நாள் பட்டினி என்பது அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் மேல் விழுகிற ஒவ்வொரு வெட்டும் நமக்கு வலிக்கிறது. இவன் செத்தால் அந்தப் பிள்ளை கடைசிவரை அப்பாவைப் பார்க்காது. படத்தின் இறுதியில் ஒரு பெரிய இயந்திரத் துப்பாக்கி வரும். திரையரங்கே எழுந்து நின்று கத்தியது, நானும் கத்தினேன்.

உங்களிடம் எனக்குள்ள முதல் வருத்தம் இது: அந்தப் படத்திலிருந்து அந்தத் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். பிரியாணியையும் மகளையும் லாரியையும் அங்கேயே விட்டுவிட்டீர்கள். அதன் பிறகு படத்துக்குப் படம் இன்னும் பெரிய துப்பாக்கி, இன்னும் நீளமான அரிவாள். கதாநாயகன் நடந்து வருவதை மெதுவாக்கிக் காட்ட ஐந்து நிமிடம்; பின்னணியில் நம் அண்ணன்மார் கேட்டு வளர்ந்த பழைய பாட்டு ஒன்று; கூட்டமாக வரும் அடியாட்கள் தங்கள் முறைக்காக வரிசையில் காத்திருந்து ஒவ்வொருவராக வந்து விழுவார்கள். கதாநாயகன் தோற்க மாட்டான் என்பது எங்களுக்கு முன்பே தெரியும், அதில் குற்றமில்லை. ஆனால், அவனுக்கு வலிக்கக்கூட வலிக்காது என்று ஆன பிறகு, சண்டையில் நாங்கள் பார்க்க என்ன இருக்கிறது? அந்த வெறுமையை நிரப்பத்தான் இரத்தம் வருகிறது என்று நினைக்கிறேன். அதுவும் கணினியில் தெளித்த இரத்தம். கேமராக் கண்ணாடியில் வந்து அப்புகிறது, சட்டையில் கறையாவதில்லை.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். படத்தில் ஒருவன் சிகரெட் பற்றவைத்தால் திரையின் அடியில் உடனே எச்சரிக்கை வாசகம் வந்துவிடுகிறது. அதே ஆள் அதே சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு ஒருவன் தலையைச் சீவும்போதும், திரையில் நம்மை எச்சரிப்பது அந்தப் புகையிலை வாசகம் மட்டும்தான். என் மகன் இதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தான். அவனுக்குப் பதினான்கு வயது.

இரத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025இல் வந்த ‘வீர தீர சூரன்’ படத்திலும் வெட்டு உண்டு, துப்பாக்கி உண்டு. ஆனால், யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு யார் மேல் என்ன பயம், இந்தக் கதவு திறந்தால் யார் சாவார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. ஆகவே துப்பாக்கி வெடிக்காத நிமிடங்களில்கூட இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். சண்டைப் படத்தில் எனக்கு வேண்டியது அந்த நிமிடங்கள்தான்.

பேய்ப் படங்களின் நிலை இதைவிட மோசம் என்பேன். 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ படத்தில் பயமுறுத்தியவை எவை என்று நினைத்துப் பாருங்கள்: வீட்டில் தினமும் திரிந்துபோகும் பால், கதாநாயகன் தனியாக ஏறினால் மட்டும் நகராத லிஃப்ட், பெண்கள் மதியத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு தொலைக்காட்சித் தொடர். இவையெல்லாம் எங்கள் வீட்டிலும் உள்ளவை. படம் பார்த்த மறுநாள் அடுப்பில் வைத்த பால் திரிந்தபோது, தனியாக இருந்த எனக்கு முதுகு சில்லிட்டது. எனக்குத் தெரிந்த நல்ல பேய்ப் படம் அதுதான். டிக்கெட் காசுக்கு மேலேயே கொடுத்தது. 2015இல் வந்த ‘டிமான்டி காலனி’யின் பெரும்பகுதி ஓர் அறைக்குள் அடைபட்ட நான்கு நண்பர்கள்தான். அதற்கு எந்த அரண்மனையும் தேவைப்படவில்லை. இன்னும் பின்னே போனால், 1963இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கேட்கும் ஒரு பாட்டே போதுமானதாக இருந்தது, என் அம்மா இப்போதும் அந்தப் பாட்டை இருட்டில் கேட்க மாட்டார்.

நகைச்சுவைப் பேய்ப் படங்களை நான் பழிக்கவில்லை. 2011இல் ‘காஞ்சனா’ பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம், பிறகு அழவும் செய்தோம். அந்தப் பேய்க்கு ஒரு நியாயம் இருந்தது. சரத்குமார் ஏற்ற அந்தத் திருநங்கைப் பாத்திரத்துக்காகத் திரையரங்கில் ஆண்கள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். அதன் வெற்றிக்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த அச்சில் வார்த்த கொழுக்கட்டைகள்: ஒரு பெரிய வீடு, அதற்குள் ஒரு கூட்டுக் குடும்பம், பயந்து ஓடும் மூன்று நகைச்சுவை நடிகர்கள், வெள்ளைப் புடவை, அநியாயமாகச் செத்த ஒருத்தியின் முன்கதை, கடைசியில் உடுக்கையும் குங்குமமுமாக ஓர் அம்மன் பாட்டு. அச்சு தேய்ந்துவிட்டது என்று உங்களுக்கும் தெரிந்ததால்தானோ என்னவோ, இப்போது சிரிப்பையும் குறைத்துவிட்டுச் சத்தத்தை நம்புகிறீர்கள். கண்ணாடியில் ஒரு முகம், உடனே காதுக்குள் ஒரு இடி. அதில் நாங்கள் துள்ளுவது உண்மை. பின்னால் நின்று யாராவது தகர டப்பாவைத் தட்டினாலும் துள்ளத்தான் செய்வோம். அதைப் பயம் என்று கணக்கெழுதிக்கொள்ளாதீர்கள். மலையாளத்தில் 2024இல் ‘பிரமயுகம்’ என்ற படத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்து வெளியிட்டார்கள். சிதிலமான ஒரு மனை, மழை, விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்கள். மம்மூட்டி தாழ்ந்த குரலில் சிரிக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் அசையவில்லை. அங்கே முடிகிற காரியம் இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சத்தத்தைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியான உடனேயே இரைச்சல் தாங்கவில்லை என்ற புகார் எழுந்து, ஒலி அளவைக் குறைத்து வைக்கும்படி திரையரங்குகளிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே தெரிவிக்க நேர்ந்தது. ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் பெற்ற ரசூல் பூக்குட்டியும் நம் பெரிய படங்களில் நடக்கும் இந்த உரத்த ஒலிப் போட்டியை நொந்து அப்போது பகிரங்கமாக எழுதினார். துறைக்குள்ளிருந்தே இப்படி ஒரு குரல் வந்த பிறகும் எதுவும் மாறியதாக என் காதுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்த் திரையரங்கின் ஆபரேட்டர் நெடுநாள் பழக்கம். ஒலிக்கருவியில் ஏழு என்பதுதான் முறையான அளவு. கலவை செய்கிறவர்களும் அந்த அளவை வைத்தே செய்ய வேண்டும் என்றார். “ஏழுல வச்சா இங்க எவனும் உக்கார மாட்டான்க்கா. நாலரைக்கு மேல போனா சண்டைக்கு வாராங்க” என்றும் சொன்னார். அவர் குறைக்கிறார் என்று தெரிந்து நீங்கள் கலவையிலேயே கூட்டுகிறீர்கள். நீங்கள் கூட்டியிருப்பீர்கள் என்று தெரிந்து அவர் இன்னும் குறைக்கிறார். இந்த இழுபறியில் வசனம் அடிபட்டுப்போகிறது. சண்டைக் காட்சியில் காதைப் பொத்துகிறோம், அடுத்த காட்சியில் அம்மா பாத்திரம் பேசுவது கேட்காமல், “என்ன சொன்னா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். அறுபது வயதைத் தாண்டிய என் மாமியார் திரையரங்குக்கு வருவதையே நிறுத்திவிட்டதற்கு இது ஒன்றுதான் காரணம்.

இரண்டாம் பாகத்தைப் பற்றி இரண்டு வரி. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு, கதையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அடுத்த பாகத்தில் சந்திப்போம் என்கிறீர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் எனக்கு மனக்குறை இல்லை; ‘பொன்னியின் செல்வ’னும் ‘விடுதலை’யும் சொல்லிவிட்டுத்தான் வந்தன. முழுக் கதை என்று நம்பவைத்துப் பாதியை விற்பதை எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் செய்தால் கணக்குத் தணிக்கையாளர் கேள்வி கேட்பார்.

ஆகவே என் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறேன்.

திரையரங்கு உரிமையாளர்களிடம் கேட்பது: காட்சி நேரம் எழுதும் பலகையிலேயே, படத்தின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வயதுச் சான்றிதழை எழுதி வையுங்கள். சிறு பிள்ளையோடு வருகிறவர் டிக்கெட் கேட்கும்போது, ‘இது பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான படம்’ என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கவுன்ட்டரில் இருப்பவருக்கு அறிவுறுத்துங்கள். பிறகு அவர் வாங்குவதும் வாங்காததும் அவர் விருப்பம். ‘ஏ’ படத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை அனுமதிக்கக் கூடாது என்பது சட்டம். பெரிய நடிகரின் படமென்றால் மட்டும் அது தளர்ந்துபோகக் கூடாது. குழந்தைகளுக்கான படம் ஓடும் காட்சியின் இடைவேளையில், கழுத்தறுப்பும் பேய் அலறலும் நிறைந்த முன்னோட்டங்களைப் போடாதீர்கள்.

தயாரிப்பாளர்களிடம் கேட்பது: சுவரொட்டியிலும் முன்னோட்டத்திலும் சான்றிதழைக் கதாநாயகனின் பெயரில் பாதி அளவிலாவது போடுங்கள். அதற்குக் கீழே, எதனால் அந்தச் சான்றிதழ் என்பதையும் ஒரு வரியில் தமிழில் எழுதுங்கள்: கடும் வன்முறை, தற்கொலைக் காட்சி, குழந்தைகளை அச்சுறுத்தும் காட்சிகள் என்று. ஓடிடி தளங்களில் படம் தொடங்கும்போது திரையின் ஓரத்தில் இதே தகவல் வருகிறது. வீட்டில் கிடைக்கும் மரியாதையைக் காசு கொடுத்து வருகிற இடத்திலும் கொடுங்கள். கதை இந்தப் படத்தோடு முடியவில்லை என்றால் தலைப்பிலேயே ‘பாகம் 1’ என்று போடுங்கள். பெரியவர்களுக்கான படத்தை எடுக்க விரும்பினால் தாராளமாக எடுத்து, ‘ஏ’ வாங்கி, அப்படியே வெளியிடுங்கள். எங்களில் பலர் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்து பார்ப்போம்.

இயக்குநர்களுக்கும் ஒலிக்கலவைக் கலைஞர்களுக்கும்: முறையான அளவில் வைத்தாலும் எழுபது வயதுக்காரர் உட்கார்ந்து கேட்கக்கூடிய கலவையைச் செய்யுங்கள். செய்த பிறகு, சென்னையின் கலவைக்கூடத்தில் மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், எங்களைப் போன்ற ஊர்களின் பழைய திரையரங்கு ஒன்றில் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். வசனம் புரிகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

ரசிகர்கள் கேட்பது இதுதான் என்று அடுத்த பேட்டியில் சொல்வதற்கு முன்னால், மாலைக் காட்சி முடிந்து வெளியே வருகிற குடும்பங்களில் சிலரையாவது நிறுத்திக் கேளுங்கள். சுவரொட்டியைப் பொறுத்தவரை, எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. வருகிற பொங்கல் வெளியீடுகளிலிருந்தே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் ஒருத்தி,
தூத்துக்குடி மாவட்டம்.